குடிக்கவும் கடை... குடியை மறக்கவும் கடை!

நம்ம குமரி மாவட்டத்துல ரெண்டு விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒண்ணு, இன்ஜினீயரிங் காலேஜ். (நானும் அதுல ஒண்ணுலதான் மெக்கானிக்கல், மூணாம் வருஷம்!) இன்னொண்ணு, சுவர் விளம்பரம். மார்த்தாண்டத்துல பஸ் ஏறி நாகர்கோவில்ல இறங்கறதுக்குள்ள நகைக்கடை, நர்சிங் ஹோம், நற்செய்திக் கூட்டம் எல்லாம் கண்ணுல பட்டுடும். கொஞ்ச வருஷமா அதுகளுக்கு நடுவுல புதுசா ஒரு ரகம். 'குடியை மறக்க... 100 சதவீத உத்தரவாதம்', 'அவருக்குத் தெரியாமலே நிறுத்தலாம்', '24 மணி நேர வாகன வசதி'.

அந்த 'வாகன வசதி' என்னன்னு ரொம்ப நாள் எனக்குப் புரியல. எங்க மாமாவைத் தூக்கிட்டுப் போன ராத்திரிதான் புரிஞ்சது.

மாமான்னா அம்மாவோட தம்பி. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுற வேலை. விடியக்காலம் நெத்தியில லைட்டைக் கட்டிட்டுத் தோட்டத்துல இறங்கினா முன்னூறு மரத்தை முடிச்சிட்டுத்தான் கஞ்சி குடிப்பார். மத்தியானத்துக்கு மேல கையில காசும் இருக்கும், நேரமும் இருக்கும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்ல.

அத்தை ஒரு மறுவாழ்வு மையத்துக்கு போன் போட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வேன் வந்துச்சு. நாலு தடியன்கள். பாயில படுத்திருந்தவரைக் கையைக் காலைப் பிடிச்சுத் தூக்கி வேனுக்குள்ள போட்டாங்க. சின்னவ வாசல்ல நின்னு 'அப்பா... அப்பா'ன்னு அழுதா. அத்தை கையெழுத்துப் போட்டுட்டு என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "என்ன மக்களே செய்ய? ஆளு உயிரோட இருந்தா போரும்."

மாசம் 15 ஆயிரம், மூணு மாச பேக்கேஜ். மொதல் ஒரு மாசம் போனும் கிடையாது, நேர்ல பார்க்கவும் முடியாது. போன உடனே மொட்டை. டாக்டரை மாமா பார்த்ததே இல்லையாம். கவுன்சலிங் கொடுத்தவர், போன வருஷம் அங்கேயே சிகிச்சைக்கு வந்தவர். மூணு மாசம் கழிச்சு மாமா மெலிஞ்சு, பொறுமையா, பொட்டி மாதிரி அமைதியா வந்தார். பதினோராம் நாள் குடிச்சார். அத்தை திரும்பவும் போன் பண்ணினப்ப அந்தப் பக்கத்துல இருந்து வந்த பதில்: "ரெண்டாவது அட்மிஷனுக்கு டிஸ்கவுண்ட் உண்டும்மா."

நான் படிக்கிறது மெஷின் பத்தி. ஒரு மெஷின் சரியா வேலை செய்யலன்னா செஞ்சவனுக்கு நஷ்டம், கம்பெனிக்குக் கெட்ட பேர். இந்த ஒரு பிசினஸ்லதான் வேலை சரியா நடக்கலன்னா கஸ்டமர் திரும்ப வர்றார்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமா இருந்த இடத்துல 40 பேர். தலைக்கு 15 ஆயிரம்னா மாசம் 6 லட்சம். செலவு? ஒரு வாடகை வீடு, ஒரு கிரில் கேட், 40 பாய், கஞ்சி. எங்க காலேஜ்ல ஸ்டார்ட்-அப் பத்தி கிளாஸ் எடுக்கிற சாருக்கு இந்த ஐடியா இன்னும் தெரியாதுன்னு நினைக்கிறேன்.

இந்தப் பக்கத்துக்கு இன்டர்ன்ஷிப் பண்ற சாக்குல நான் இதைக் கொஞ்சம் தோண்டினேன். டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளிவந்த தேசிய ஆய்வு ஒண்ணு இருக்கு. இந்தியாவுல குடியால உதவி தேவைப்படுற நிலைக்குப் போனவங்க சுமார் 5.7 கோடி பேர். அதுல முழுசா அடிமையானவங்கள்ல 38 பேருக்கு ஒருத்தருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைச்சிருக்கு. மிச்சம் 37 பேர்? டாக்டர் கண்ணுக்கு அவங்க நோயாளிகள். வேன் வச்சிருக்கிறவர் கண்ணுக்கு, இன்னும் பிடிக்காத மார்க்கெட்!

சரி, இந்த மார்க்கெட்டுக்கு ஆள் எங்கிருந்து வருது? 2003 நவம்பர்ல டாஸ்மாக் சில்லறை விற்பனையை அரசே கையில எடுத்துச்சு. அந்த நிதியாண்டு வருமானம் சுமார் 3,600 கோடி ரூபாய். 2024-25ல் 48 ஆயிரம் கோடியைத் தாண்டிடுச்சு. நடுவுல 2016, 2017, 2023ன்னு மூணு தடவை 500, 500 கடையா மூடினாங்க. கடை குறைஞ்சும் கல்லா குறையல.

நம்ம மாவட்டத்துக்கு இதுல ஒரு தனி வரலாறும் உண்டு. 2015 ஜூலை 31, மார்த்தாண்டம் பக்கத்துல உண்ணாமலைக்கடை. ஒரு டாஸ்மாக் கடையை மாத்தச் சொல்லி, சேலத்துக்காரரான காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் டவர்ல ஏறிப் போராடினார். உயிரோட இறங்கல. எனக்கு அப்ப பத்து வயசு. ஊரே டி.வி. முன்னாடி உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கு. மாமாவும் உட்கார்ந்திருந்தார்.

இது நம்ம ஊர்க் கூத்து மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல 2008, 2010 சட்டங்களுக்குப் பிறகு போதை சிகிச்சைக்கும் இன்ஷூரன்ஸ் கிடைக்க ஆரம்பிச்சது. நல்ல விஷயம்தானே? ஆனா ஃப்ளோரிடாவுல ஆள் பிடிக்கிற புரோக்கர்கள் கிளம்பிட்டாங்க. நோயாளி தலைக்கு இவ்வளவு கமிஷன், திரும்ப போதையில விழுந்தா இன்னொரு சென்டருக்கு, இன்னொரு பில். அந்தக் கமிஷனைக் குற்றமாக்கி 2018ல் தனிச் சட்டமே போட வேண்டியதாச்சு. அங்க இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துச்சு. இங்க அத்தையோட சங்கிலி கொடுத்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாரும் அப்படியான்னா, இல்லவே இல்ல. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980ல் சென்னையில தொடங்கினதுதான் டி.டி.கே. மருத்துவமனை. இந்தத் துறையில நாட்டுக்கே வழிகாட்டின இடம். 1992ல் அவங்களுக்கு பத்மஸ்ரீ கிடைச்சது. குடியை ஒழுக்கக்கேடுன்னு திட்டாம, நோய்னு பார்த்து, குடும்பத்தையும் சேர்த்து உட்கார வச்சுப் பேசினாங்க.

மூணாவது தடவை நாங்க மாமாவை வேன்ல அனுப்பல. பஸ்ல கூட்டிட்டுப் போனோம், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. மனநலப் பிரிவுல டாக்டர் சொன்ன மொதல் விஷயமே எனக்கு ஷாக். வருஷக்கணக்கா தினம் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். அதனாலதான் அந்த நாட்கள்ல டாக்டர், மாத்திரை, பி1 வைட்டமின் எல்லாம் அவசியம். கிரில் கேட் மட்டும் போதாது!

அப்புறம் 'தெரியாமலே நிறுத்தலாம்' மேட்டரைக் கேட்டேன். அதுக்குப் பின்னாடி ஒரு ரப்பர் கதை இருக்கு மக்கா. ரப்பரைப் பதப்படுத்துறப்ப சேர்க்கிற தையூரம் வகை ரசாயனம் ஒண்ணு உண்டு. 1937ல் அமெரிக்காவுல அந்த வேலை செஞ்ச தொழிலாளிகளால குடிக்கவே முடியலங்கிறதை ஒரு கம்பெனி டாக்டர் கவனிச்சார். 1940களின் கடைசியில டென்மார்க் விஞ்ஞானிகள் அதே குடும்பத்து ரசாயனத்தை மருந்தாக்கினாங்க. பேரு டைசல்ஃபிரம். இதைச் சாப்பிட்டவர் குடிச்சா முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போகவும் வாய்ப்பு உண்டு. அதனால டாக்டர் உடம்பைச் சோதிச்சு, நோயாளி சம்மதிச்ச பிறகுதான் கொடுக்கணும். குழம்புல ரகசியமா கலந்து கொடுக்கிறது வைத்தியமே இல்ல. வாழ்நாள் முழுக்க ரப்பர் வெட்டின மாமா இந்தக் கதையைக் கேட்டுட்டு, "லேய், அப்போ என்னைக் காப்பாத்துகதும் ரப்பர்தானா?"ன்னு சிரிச்சார். ரெண்டு வருஷத்துல அவர் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

இப்ப சனிக்கிழமை தோறும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போறார். 1935ல் அமெரிக்காவுல ரெண்டு குடிநோயாளிகள் சந்திச்சுத் தொடங்கினது. ஃபீஸ் கிடையாது, வெளியாள் கொடுக்கிற நன்கொடையும் வாங்க மாட்டாங்க. ஏழு மாசம் ஆச்சு. நடுவுல ஓணத்தன்னைக்கு ஒரு சறுக்கல். டாக்டர் திட்டுவார்னு அத்தை பயந்தாங்க. அவரோ, "சுகர் ஏறினா திட்டுவோமா? மருந்தை சரி பண்ணுவோம்ல, அது மாதிரிதான்"னு அடுத்த தேதியைக் குறிச்சுக் கொடுத்தார். டிஸ்கவுண்ட் பேச்சே வரல.

ஃப்ரெண்ட்ஸ், உங்க வீட்டுலயோ ஹாஸ்டல்லயோ யாருக்காவது தேவைப்பட்டா, பணம் கட்டறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கா? மனநல மருத்துவர் யாரு, எப்ப வருவார்? வீட்டு ஆட்கள் பார்க்கலாமா? வெளிய வந்த பிறகு யார் கவனிப்பாங்க? முகம் சுளிச்சா வந்த பஸ்லயே திரும்பிடுங்க.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயையும் சேர்த்துத்தான் பேசுது. சங்கிலி போடக்கூடாது, கட்டாய மொட்டை கூடாது, அடிச்சு வேலை வாங்கக்கூடாது. தானே முடிவெடுக்க முடியாத அளவுக்கு நோய் முத்தினவரைச் சேர்க்கணும்னாகூட ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியா சோதிச்சாகணும். அதுவும் மொதல்ல 30 நாள் வரைக்கும்தான். ராத்திரி ரெண்டு மணி வேன் அந்தச் சட்டத்துல எந்தப் பக்கத்துலயும் இல்ல. 2025ல் தமிழக அரசு 'கலங்கரை'ன்னு 25 மையங்களை அரசு மருத்துவமனைகள்ல தொடங்கியிருக்கு. போன்ல ஆலோசனை வேணும்னா 14446 இருக்கு, இலவசம்.

அத்தையோட சங்கிலி இன்னும் அடகுக்கடையிலதான் கிடக்கு. வட்டி கட்டப் போறப்ப எல்லாம் அவங்க ஒரே கேள்வியைக் கேட்பாங்க: "அந்த ஆசுபத்திரியில காசு வாங்க மாட்டாவன்னு அன்னைக்கே ஒருத்தரும் சொல்லல்லியே மக்களே?"

சொல்லத்தான் இதை எழுதினேன். நீங்களும் நாலு பேர்ட்ட சொல்லுங்க!