தங்கைக்கு ஒரு ஹாலோவீன் கடிதம்

பாரிவாக்கம்,
6.10.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. 

தலை தீபாவளிக்கு அமெரிக்காவிலிருந்து வர லீவு கிடைக்கவில்லை என்று நீ எழுதியதிலிருந்து அம்மாவுக்கு மனசே சரியில்லை. தீபாவளி முடிந்து பதினோராம் நாள் ஹாலோவீன் வருகிறது, நானும் அவரும் வருஷா வருஷம் சேர்ந்து செய்கிற மாதிரி ஏதாவது சொல்லு அக்கா என்று நீ கேட்டதையும் படித்துக் காட்டினேன். "கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகல, பேய்ப் பண்டிகையெல்லாம் எதுக்கு?" என்று அம்மா பயந்துவிட்டார். அதனால் உனக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

முதலில் ஹாலோவீன் வந்த கதை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்த பழைய கெல்டிக் மக்களுக்கு அக்டோபர் கடைசியோடு அறுவடைக் காலம் முடியும். நவம்பர் 1-ல் குளிர்காலம் தொடங்கும். நடுவில் வருகிற அந்த ஒரு ராத்திரி, செத்துப்போனவர்கள் வீடு திரும்புகிற ராத்திரி என்று அவர்கள் நம்பினார்கள். பிறகு கிறிஸ்தவம் வந்தது. நவம்பர் 1 புனிதர்கள் அனைவருக்கும், நவம்பர் 2 இறந்த ஆன்மாக்கள் அனைவருக்கும் என்று ஆனது. கல்லறைத் திருநாள் என்று கீழ்ப்பாக்கம் கல்லறையில் பூவும் மெழுகுவத்தியுமாகக் கூட்டம் நிற்குமே, அந்த நவம்பர் 2-தான். ஹாலோவீன் நவம்பர் 1-க்கு முந்தின ராத்திரி. இதைச் சொன்னதும் அம்மாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. "அப்போ நம்ம மகாளய அமாவாசை மாதிரியா?" என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான்.

மீதிப் பயத்தைப் போக்க இன்னொன்றும் சொன்னேன். அது உனக்கும் பிடிக்கும். இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் அந்த ராத்திரி, கல்யாண வயதுப் பிள்ளைகள் சோசியம் பார்த்து விளையாடுகிற ராத்திரியாக இருந்தது. ஒரு பையன் பேரையும் ஒரு பெண் பேரையும் சொல்லி இரண்டு கொட்டைகளைக் கணப்பு நெருப்பில் போடுவார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைதியாக எரிந்தால் நல்ல பொருத்தம், ஒன்று வெடித்துத் தெறித்து ஓடினால் சரிப்படாது. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-ல் ஹாலோவீன் பற்றி எழுதிய நெடுங்கவிதையில் இந்த விளையாட்டு வருகிறது. ஆப்பிளைத் தோல் அறுபடாமல் சீவி, அந்தத் தோலைத் தோளுக்குப் பின்னால் வீசி, விழுந்த வடிவத்தில் வரப்போகிறவன் பேரின் முதல் எழுத்தைத் தேடுவார்கள். அயர்லாந்தில் திராட்சை போட்டுச் சுடுகிற பார்ம்பிராக் என்ற ரொட்டிக்குள் ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பார்கள். யார் துண்டில் மோதிரம் வருகிறதோ அவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். இன்றைக்கும் அங்கே கடைகளில் மோதிரம் வைத்த ரொட்டி விற்கிறார்கள்.

மோதிரம் என்றதும் உன் கல்யாணத்தன்று குடத்துத் தண்ணீருக்குள் நீங்கள் இரண்டு பேரும் கைவிட்டுத் தேடினீர்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் முதல் பழக்கமாக அதையே வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 31 ராத்திரி, வாய் குறுகலான ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடி தெரியாதபடி மஞ்சள் கரைத்து, மோதிரத்தைப் போட்டுத் தேடுங்கள். எடுத்தவர், வரப்போகிற வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து போகிற ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எடுக்காதவர் மறுபேச்சில்லாமல் உடன் போக வேண்டும். எந்த வருஷம் யார் எடுத்தார்கள், எங்கே போனீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் அதை எடுத்துப் படிப்பார்கள்.

அடுத்தது பூசணிக்காய். போன வாரம் ஆயுத பூஜை முடிந்து, பூந்தமல்லி–ஆவடி ரோடு முழுக்கக் குங்குமம் தடவி உடைத்த பூசணிக்காய்தான். இங்கே காலி மனையெல்லாம் வீடாகிக்கொண்டிருக்கிறது. எழும்புகிற ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் முழித்த கண்ணும் கோரைப்பல்லும் வரைந்த பூசணிக்காய் தொங்குகிறது. அங்கே வாசலில் முகம் செதுக்கி விளக்கு வைப்பதும் கெட்டது உள்ளே வரக்கூடாது என்றுதான். அயர்லாந்தில் அதற்கு டர்னிப் கிழங்கைக் குடைந்தார்கள். பஞ்சம் பிழைக்க அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு அங்கே விளைந்த பெரிய பூசணி கிடைத்தது. குடையவும் சுலபமாக இருந்தது, அதுவே நிலைத்துவிட்டது. ஊர் விட்டு ஊர் போனவர்கள் வழக்கத்தை விடாமல் காயை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். நீங்களும் அப்படி மாற்றிக்கொள்ளலாம், தப்பே இல்லை.

செதுக்கும்போது ஒருவர் மேல்பக்கத்தை வெட்டிக் குடையட்டும், இன்னொருவர் முகம் வரையட்டும். அடுத்த வருஷம் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். நம் திருஷ்டி பொம்மை முகத்தையே வரையுங்கள், உங்கள் வாசல் தனியாகத் தெரியும். இரண்டு நாளைக்கு முன்னால் செதுக்கினால் போதும், சீக்கிரம் செதுக்கினால் பூஞ்சை பிடித்துவிடும். உள்ளே நெருப்புக்குப் பதில் பேட்டரி விளக்கு வை. வேஷத் துணி காற்றில் பறந்து விளக்கில் பட்டால் ஆபத்து. விதையை எறியாதே, கழுவித் துடைத்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தால் மாப்பிள்ளை விரும்பிச் சாப்பிடுவார். செதுக்குகிற பெரிய காயில் சதை நாராகவும் தண்ணியாகவும் இருக்கும். அதனால் சமையலுக்கென்று விற்கிற சின்னக் காய் ஒன்றும் வாங்கி, அம்மா வைக்கிற மாதிரி பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு வை. வருஷத்தில் அந்த ஒரு நாள் உங்கள் வீட்டில் அந்தக் குழம்புதான் என்று வைத்துக்கொண்டால் அந்த வாசனையே பண்டிகையாகிவிடும்.

வேஷத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். காளி வேஷம் போட்டால் அழகாக இருக்குமா என்ற உன் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன், அது வேண்டாம். திருச்செந்தூர் பக்கத்தில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா உனக்குத் தெரியும். அங்கே காளி, குரங்கு, குறவன், போலீஸ், பிச்சைக்காரர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் கட்டுகிறார்கள். காப்புக் கட்டி, ஊர் ஊராக வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் சூரசம்ஹாரத்தின்போது கோயிலில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். காளி வேஷம் போடுகிறவர் அதற்குக் கடுமையான விரதம் இருப்பார். அவ்வளவு விரதத்துக்கு உரிய வேஷத்தை ஒரு மாலை விளையாட்டுக்குப் போடக்கூடாது என்பது என் எண்ணம்.

ஆனால் ஜோடியாகப் போட நம்மிடம் ஒரு வேஷம் உண்டு. தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரையில் வழக்கமாக ஒரு ராஜாவும் ஒரு ராணியும் சேர்ந்து ஆடுவார்கள். கட்டைக் காலெல்லாம் உங்களுக்கு வேண்டாம். வீட்டுக்கு வருகிற பெரிய அட்டைப்பெட்டிகளில் அடிப்பக்கத்தையும் மேல்பக்கத்தையும் வெட்டி, இடுப்பில் மாட்டித் தோளில் நாடா கட்டினால் குதிரை உடம்பு தயார். தலையும் வாலும் அட்டையில் செய்து, சரிகைத் தாள் ஒட்டி, உன் பழைய பட்டுப்பாவாடைத் துணியைச் சுற்றித் தொங்கவிடு. மாப்பிள்ளைக்கு ஒரு தலைப்பாகை. இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து செய்தால் முடிந்துவிடும். கடையில் வாங்கின வேஷத்தை ஒரு ராத்திரி போட்டுவிட்டு மூலையில் எறிவோம். சேர்ந்து வெட்டி ஒட்டின குதிரையை எறிய மனசு வராது, ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு அலங்காரம் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

இனி வாசலுக்கு வருகிற பிள்ளைகள். நவராத்திரிக் கொலுவுக்கு நம் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கிற மாதிரி அங்கே மிட்டாய் கொடுப்பீர்கள். கடலை மிட்டாய் மட்டும் வேண்டாம். அங்கே நிறையப் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். இதற்காகவே 2014 முதல் அமெரிக்கா முழுக்க ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. நீலப்பச்சை நிறம் பூசின பூசணிக்காயை வாசலில் வைத்தால், இந்த வீட்டில் தின்பண்டம் அல்லாத சின்னப் பரிசும் உண்டு என்று அர்த்தம். ஸ்டிக்கர், பென்சில், கண்ணாடி வளையல் இப்படி ஒரு கிண்ணம் நிறைய வையுங்கள். ஒரு பிள்ளை தயங்காமல் உங்கள் வாசலில் வந்து நிற்கும்.

உங்களுக்குப் பக்கத்திலிருக்கிற பிலடெல்பியாவில் 1950-ல் ஒரு கணவனும் மனைவியும் ஆரம்பித்த வேலை ஒன்றையும் சொல்ல வேண்டும். கிளைட் அலிசன் ஒரு போதகர், அவர் மனைவி மேரி எம்மா. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியான யுனிசெஃப் செய்கிற வேலையைக் கேள்விப்பட்ட அவர்கள், அந்த ஹாலோவீனுக்குத் தங்கள் பிள்ளைகள் கையில் காலி பால் டப்பாக்களைக் கொடுத்து, மிட்டாயோடு சில்லறையும் கேட்டு வாங்கச் சொன்னார்கள். சேர்ந்த காசை யுனிசெஃபுக்கு அனுப்பினார்கள். அது நாடெங்கும் பரவி, ஆரஞ்சு நிறப் பெட்டியோடு பிள்ளைகள் கிளம்ப, இதுவரை 10 கோடி டாலருக்கும் மேலே சேர்ந்திருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பேர் யோசித்த யோசனை அது. நீங்களும் அன்றைக்கு வேஷத்துக்கு எவ்வளவு செலவு செய்கிறீர்களோ அவ்வளவு பணத்தை ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குச் சேர்ந்து கொடுங்கள். எதற்கு என்பதை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சும் ஒரு பழக்கமாகட்டும்.

ராத்திரி பிள்ளைகள் வரத்து நின்ற பிறகு, வருஷத்துக்கு ஒன்று என்று ஒரு தமிழ்ப் பேய்ப்படமோ மர்மப்படமோ பாருங்கள். பழசிலிருந்து தொடங்குங்கள். ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963-ல் வந்தது. பிறகு 'யார் நீ', 'அதே கண்கள்', அப்படியே 2009-ன் 'யாவரும் நலம்', 2012-ன் 'பீட்சா' என்று வரிசையாக வந்தால் பல வருஷத்துக்குப் போதும். மாப்பிள்ளை பார்க்காத படம் எது, நீ பார்க்காத படம் எது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்.

பாப்பா, இதுவரை எழுதினதெல்லாம் விளையாட்டு. நான் மனசாரக் கேட்கிற ஒன்று இனிமேல்தான் இருக்கிறது.

நீ மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டபோது அப்பா இல்லை. மாப்பிள்ளை நம் அப்பாவைப் பார்த்ததே கிடையாது. கூடத்தில் மாலை போட்ட படத்தைத்தான் பார்த்திருக்கிறார். மாப்பிள்ளையை வளர்த்த பாட்டியை நீயும் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகும்போது உயிரோடு இருக்கிற உறவையெல்லாம் மேடையில் வரிசையாக நிறுத்தி அறிமுகம் செய்கிறோம். போய்ச் சேர்ந்தவர்களை யார் அறிமுகம் செய்கிறார்கள்? அவர்களைத் தெரியாமல் உன்னை அவருக்கும், அவரை உனக்கும் முழுசாகத் தெரியாது. நீ கோபம் வந்தால் பேசாமல் பாத்திரத்தைத் தேய்க்கிறாயே, அது அப்பாவின் குணம். வேலை பார்த்த டாங்க் ஃபேக்டரியில் ஏதாவது மனஸ்தாபம் என்றால் அவர் வீட்டுக்கு வந்து பேசாமல் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பார். இது தெரிந்தால் மாப்பிள்ளை உன் மௌனத்தைப் பார்த்துக் கலங்க மாட்டார்.

அதனால் அக்டோபர் 31-லிருந்து நவம்பர் 2-க்குள் ஒரு வேளை, உங்கள் வசதிப்படி, ஒரு இலையில் அப்பாவுக்குப் பிடித்த மெதுவடையும் மாப்பிள்ளையின் பாட்டிக்குப் பிடித்தது எதுவோ அதையும் வைத்து ஒரு விளக்கேற்றுங்கள். மெக்சிகோ மக்கள் அதே நவம்பர் 1, 2-ல் செண்டுப்பூவும் இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதும் வைத்துக் கொண்டாடுகிறார்கள். யுனெஸ்கோ அதை 2008-ல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உங்கள் ஊரிலும் அந்தப் பூ கிடைக்கும், வாங்கி வை. பிறகு நீ அப்பாவைப் பற்றி ஒரு கதை சொல், அவர் பாட்டியைப் பற்றி ஒரு கதை சொல்லட்டும். வருஷத்துக்கு ஒரு கதை, ஏற்கெனவே சொல்லாத கதை. கதை தீர்ந்துபோனால் எனக்குப் போன் செய், என்னிடமும் அம்மாவிடமும் நிறைய இருக்கிறது. அவர் அம்மாவையும் கேட்கச் சொல். உங்கள் பிள்ளைகள் பிறந்த பிறகு, பார்க்காத தாத்தாவையும் கொள்ளுப்பாட்டியையும் அவர்கள் அறிந்துகொள்ள வேறு வழி என்ன இருக்கிறது?

எல்லாவற்றையும் இந்த வருஷமே செய்ய வேண்டாம். போன வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31-ல் வந்தன. இந்த வருஷம் நடுவில் நாள் இருக்கிறது. உனக்கும் வேலை, அவருக்கும் வேலை. மோதிரம், குழம்பு, கதை, இந்த மூன்றை மட்டும் இந்த வருஷம் தொடங்குங்கள். குதிரை அடுத்த வருஷம் வரட்டும். செலவில்லாததும் இரண்டு பேர் கையும் படுவதும்தான் வருஷா வருஷம் நிற்கும்.

அம்மாவுக்கு இவ்வளவும் படித்துக் காட்டினேன். "வடைக்கு உளுந்தோட ஒரு பிடி பச்சரிசி சேத்து ஊறவெக்கச் சொல்லு, அப்பாவுக்கு மொறுமொறுன்னு இருக்கணும்" என்று மட்டும் எழுதச் சொன்னார். தலை தீபாவளிச் சீரும் புதுத்துணியும் பார்சலில் அனுப்பியிருக்கிறோம். வந்ததும் சொல். மாப்பிள்ளையிடம் எங்கள் எல்லோருடைய அன்பையும் சொல். அவர் பாட்டிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு அடுத்த கடிதத்தில் எனக்கும் எழுது. அன்றைக்கு இங்கேயும் அதைச் செய்து படைக்கிறேன்.

என்றும் உன் அன்பு
அக்கா