திருப்பான்மலைச் சுனையில் தண்ணீர் எவ்வளவு?

ராணிப்பேட்டையிலிருந்து ஆற்காட்டுக்கு வர பாலாற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். பங்குனி மாதத்தில் பாலத்துக்கடியில் மணலும் முள்செடியும்தான். ஆற்காட்டுக்குத் தென்மேற்கே ஆறேழு கிலோமீட்டரில் விளாப்பாக்கம். ஊருக்குச் சற்று முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி வயல்வழியே நடந்தேன்.

பஞ்சபாண்டவர் மலைக்குப் போகிறேன் என்று சொன்னதுமே, ஓய்வுபெற்ற ஆசிரியரான பெரியப்பா ஒரு வேலை வைத்துவிட்டார். "குகைக்குள்ள சுனை ஒண்ணு இருக்குது. இந்த வெயில்ல அதுல தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு அளந்துனு வா." ஒரு நூல்கண்டும், நூல்முனையில் கட்ட இரும்பு நட்டும் கொடுத்தனுப்பினார்.

வழிநெடுக மல்லாட்டைச் செடி. பம்ப்செட் ஓடும் கொல்லை பச்சை. ஓடாத கொல்லை வெறும் செம்மண். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "மேல போறியா தம்பி? தேன்கூடு இருக்கும், பாத்துப் போ" என்றார்.

மலையின் கிழக்கு முகத்தில் பாறையைக் குடைந்து, வரிசைக்கு ஆறாகப் பன்னிரண்டு தூண்கள் நிறுத்தியிருக்கிறார்கள். பின்னால் ஏழு அறைகள், ஏழும் காலி. பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய இடம் என்கிறது ஊர்க்கதை. ஆனால் இது சமணர் மலை. கல்வெட்டில் இதன் பெயர் திருப்பான்மலை.

என் வேலை தென்பக்கத்துக் குகையில். இது குடைந்ததல்ல, இயற்கையானது. வாசல் பாறையில் சமணப் பெண்தெய்வமான இயக்கி ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். பெயர் பொன்னியக்கியார். நந்திவர்ம பல்லவனின் 50-ஆம் ஆட்சியாண்டில், அதாவது எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புகழாலைமங்கலத்து மருத்துவர் மகன் நாரணன் இவளைச் செதுக்கச் செய்தான் என்று அங்கேயே பொறித்திருக்கிறது. அப்போது இங்கே இருந்த குரவர் நாகநந்தி.

உள்ளே போனதும் வெளி வெக்கை விட்டுப்போனது. வௌவால் நாற்றம், காலடியில் ஈரம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குந்தி உட்கார்ந்து நூலை இறக்கினேன். விளிம்போரம் முழங்கால் அளவு; கை எட்டிய மட்டும் உள்ளே வீசிப் பார்த்தபோது இடுப்பளவு. நனைந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஐந்து நிமிட வேலை. ஆனால் துறவிகள் இந்த மலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு ஒரு காரணம் அந்த முடிச்சில் இருந்தது. தவத்துக்குக் குகை போதும். வருஷம் முழுக்கத் தங்க வேண்டுமானால் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் இருந்தால் மட்டும் சமணத் துறவிகளின் பள்ளி நடந்துவிடாது என்பதையும் இதே மலை சொல்கிறது. முதலாம் ராஜராஜனின் 8-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. சிற்றரசன் லாடராஜன் வீரசோழன் மனைவி லாடமகாதேவியோடு சாமி கும்பிட வருகிறான். கற்பூர விலை முதலான வருமானங்கள் கைமாறிப் போனதால் பள்ளிக்கு விட்ட தானமான பள்ளிச்சந்தம் கெட்டுப்போகிறது என்று அவள் எடுத்துச் சொல்கிறாள். கூரகன்பாடியிலிருந்து வந்த அந்த வருமானங்களை அவன் பள்ளிக்கே திருப்பிவிடுகிறான்.

மலையிறங்கி விளாப்பாக்கத்துக்குள் வந்தால், அதற்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டு மூத்த செய்தி ஒன்று இருக்கிறது. முதலாம் பராந்தகனின் 38-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 945. திருப்பான்மலை அரிஷ்டநேமி பிடாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தியடிகள் இந்த ஊரில் ஒரு கிணறு வெட்டுவித்தார். அந்த இடம் பெண்துறவிகளுக்கான பள்ளியானது. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஊரின் 'இருபத்துநால்வ'ரிடம் விடப்பட்டது. மலைமேல் சுனை இருந்தும் ஊருக்குள் கிணறு வெட்டிய அந்த அம்மையாரை, நாகநந்திக்கும் நாரணனுக்கும் மேலாகவே எனக்குப் பிடித்தது.

திரும்பும் வழியெல்லாம் அந்தக் கிணற்றைப் பற்றிய யோசனைதான்; எங்கள் பக்கத்துக் கிணறுகளும் நினைவுக்கு வந்தன. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று பாலாற்றங்கரை ஊர்கள் பலவும் தோலால் பிழைப்பவை. ஷூ தைக்கும் வேலையில் எங்கள் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் இறங்கி, கிணறுகள் கெட்டு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவோ லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது.

பட்டினிக் குரத்தியார் கிணறு வெட்டிய கையோடு அதற்குப் பொறுப்பாளிகளையும் கல்லில் எழுதிவைத்தார். நாம் கிணறுகள் கெட்ட பிறகு பொறுப்பாளியைத் தேடிக் கோர்ட்டுக்குப் போனோம். இப்போதும் ஊருக்கு ஊர் ஏரி உண்டு, கிணறு உண்டு. அவற்றில் தண்ணீர் எவ்வளவு, எப்படி இருக்கிறது என்று பங்குனிக்குப் பங்குனி அளந்து எழுதிவைக்க இருபத்துநான்கு பேர்கூட வேண்டாம். இரண்டு பேர் போதும்; அவர்கள் பெயர் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.