ஹவானாவில் ஓர் உறையூர்ச் சுருட்டு

சுருட்டுப் பிடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. சிறு வயதில் பிறர் புகைத்து எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், அதற்காகக் காசு திருடியதையும் மகாத்மா காந்தி தமது சத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அதைப் படித்த வயதிலேயே எனக்குப் புகையின் மேல் இருந்த ஆசை போய்விட்டது. அப்படிப்பட்டவன் கியூபா தேசத்துக்குப் போய்ச் சுருட்டின் ருசியைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நான் போனது ஒரு நண்பருக்குத் துணையாக.

நண்பருடைய சொந்த ஊர் உறையூர். அவருடைய தகப்பனார் நாற்பது வருஷ காலம் சுருட்டுச் சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவர் காலமான பிறகு அந்தத் தொழிலை எடுத்துச் செய்ய வீட்டில் ஒருவரும் இல்லை. கடைசியாக அவர் கையால் சுற்றிய ஒரு கட்டுச் சுருட்டை மட்டும் நண்பர் பிஸ்கோத்துத் தகர டப்பா ஒன்றில் போட்டுப் பன்னிரண்டு வருஷமாகப் பரணில் வைத்திருந்தார். அந்தக் கட்டில் வண்டு துளைத்தது போக ஏழு மிஞ்சியிருந்தன. அவற்றில் இரண்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, "சுருட்டு தெரிந்தவர்கள் இருக்கும் ஊரில் இதைக் காட்டி, அப்பாவின் கைவேலை எப்படி என்று கேட்க வேண்டும் ஐயா" என்றார். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பழைய ஹவானாவின் குறுகலான தெரு ஒன்றில், ஒரு சுருட்டுக் கடையின் மாடியில் ரஸிகர்கள் கூடுவது வழக்கம். நாங்கள் போன மாலையில் நாலு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆங்கிலேயர், ஒருவர் ஸ்பானியர், ஒருவர் பிரேஸில் தேசத்தவர், நாலாமவர் அந்த ஊர்ப் பெரியவர். பெரியவர் ஒரு காலத்தில் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவராம். நம் ஊர்க் கச்சேரி முடிந்த பிறகு ராகத்தைப் பற்றி எப்படி வாதம் நடக்குமோ, அப்படி அங்கே சுருட்டைப் பற்றி வாதம் நடந்துகொண்டிருந்தது.

"புதிதாகச் சுற்றியதைச் சில வாரங்களுக்குள் பிடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இலையின் வீரியம் அடங்கிவிடும்" என்பது ஸ்பானியர் கட்சி. "அது பச்சைக் காயைக் கடிப்பது போல. பத்து வருஷமாவது பெட்டியில் உறங்க வேண்டும்" என்பது ஆங்கிலேயர் கட்சி. "மிருதுவான சுருட்டு பத்து வருஷம் உறங்கினால் பிறகு விழிக்கவே விழிக்காது. காரமானது மட்டுமே காலத்தைத் தாங்கும்" என்றார் பிரேஸில்காரர். ஒருவர் தம் சுருட்டில் காப்பிக்கொட்டை மணக்கிறது என்பார். மற்றவர் தேவதாரு என்பார். இன்னொருவர் மழை பெய்த மண் என்பார். ஒரு சுருட்டின் முதல் பாகம் வைக்கோல், நடுப் பாகம் தெய்விகம், கடைசிப் பாகம் எரு என்று பிரெஞ்சு ரஸிகர்கள் சொல்வதுண்டாம். எனக்கோ எல்லாம் ஒரே புகையாகத்தான் தோன்றியது!

பேச்சின் நடுவே பிரேஸில்காரர் தம் பாஷையில் "சருத்து" என்றார். நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போர்த்துகீசிய பாஷையில் சுருட்டுக்கு அதுதான் பெயர். அது நம்முடைய சுருட்டுத்தான்! தென்னாட்டுக் கடற்கரையில் வியாபாரம் செய்த போர்த்துகீசியர் நம் சொல்லை எடுத்துப்போனார்கள். ஆங்கிலேயர் அதைச் "செரூட்" ஆக்கினார்கள். நண்பர் இதை எடுத்துச் சொன்னபோது பிரேஸில்காரர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆங்கிலேயருக்கும் ஒரு ஞாபகம் வந்தது. 1887-ல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடித்துவிடுகிறார். "அந்தத் திருச்சிராப்பள்ளியா உங்கள் ஊர்?" என்று அவர் கேட்டார்.

இதுதான் சமயம் என்று நண்பர் துணி முடிச்சை அவிழ்த்தார். பெரியவர் ஒரு சுருட்டை வாங்கி முகர்ந்தார். காதருகே வைத்து மெல்ல அழுத்தினார். சருகு நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது. "இதை இன்று பற்றவைத்தால் வைக்கோல் போரைக் கொளுத்தியது மாதிரிதான் இருக்கும். எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்றார். மூன்று வாரம் என்றோம். அவர் அந்த இரண்டையும் தம்முடைய மரப்பெட்டியில் ஒரு மூலையில் தனியே வைத்து மூடி, "புறப்படுவதற்கு முதல் நாள் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

காத்திருந்த நாட்களில் இலை பிறக்கும் இடத்தைப் பார்க்கப் போனோம். ஹவானாவுக்கு மேற்கே ஏறக்குறைய 160 கிலோ மீட்டர் தூரத்தில் பினார் தெல் ரீயோ நகரம் இருக்கிறது. அதைச் சூழ்ந்த வுயெல்தா அபாஹோ என்ற பிரதேசந்தான் உலகத்துச் சுருட்டு ரஸிகர்களுக்குக் காசி க்ஷேத்திரம். செம்மண் பூமி, ஏர் பூட்டிய காளைகள், பனையோலை வேய்ந்த உயரமான கொட்டகைகள். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலைக் காடுகளைப் பார்த்தவர்களுக்கு அது அந்நிய நாடாகத் தோன்றாது.

நாங்கள் போனது பிப்ரவரி மாதம், அறுவடைக் காலம். செடியை ஒரே நாளில் வெட்டிச் சாய்ப்பதில்லை. அடியிலிருந்து இரண்டு மூன்று இலைகளாகப் பறித்துச் சில நாள் விட்டு மறுபடியும் பறிக்கிறார்கள். அடியிலை நன்றாக எரியும். நடுவிலை மணம் தரும். வெயிலை அதிகமாகக் குடித்த மேலிலை காரம் தரும். சுருட்டின் மேலே சுற்றும் பட்டுப் போன்ற இலைக்கென்று வேறு செடிகளை மெல்லிய துணிப் பந்தலின் கீழ் நிழலில் வளர்க்கிறார்கள். பறித்த இலைகளைக் கோல்களில் கோத்துக் கொட்டகையில் ஏறக்குறைய ஐம்பது நாள் தொங்கவிடுகிறார்கள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பொன்னிறத் தவிட்டு நிறமாகிறது.

பிறகு இலைகளை அடுக்கிப் போர் போடுகிறார்கள். வைக்கோற்போருக்குள் கைவிட்டால் எப்படிச் சுடுமோ அப்படி இந்தப் போரும் உள்ளுக்குள் சூடேறிப் புளிக்கிறது. சூடு மிஞ்சினால் பிரித்து, உள்ளது வெளியே வெளியுள்ளது உள்ளே என்று மாற்றி அடுக்கவேண்டும். அம்மோனியா என்ற காரவாயு இப்படித்தான் வெளியேறுகிறது. கசப்பும் நச்சும் குறைகின்றன. ஒரு தடவை போதாதென்று இரண்டாந்தடவையும் புளிக்கவைக்கிறார்கள். அதன் பிறகும் மூட்டை கட்டிக் கிடங்கில் போடுகிறார்கள். காரமான மேலிலை அங்கே குறைந்தது இரண்டு வருஷம் கிடக்கவேண்டும். ரஸிகர்கள் பெட்டியில் வைத்து முதிர வைப்பதாகப் பெருமை அடிக்கிறார்களே, அவர்கள் காசு கொடுப்பதற்கு முன்பே குடியானவரும் கூலியாட்களும் அந்த இலைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்துவிடுகிறார்கள்.

விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கைச் சர்க்காருக்கு விற்றுவிட வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. மிஞ்சியதில் தமக்கென்று சுற்றிய ஒன்றை அந்தக் குடியானவர் நண்பருக்குக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட நண்பர் குடியானவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்களில் கறை. "அப்பாவுக்கும் இப்படித்தான்; எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது" என்றார்.

ஹவானாவுக்குத் திரும்பிய பின் ஒரு தொழிற்சாலைக்கும் போனோம். பள்ளிக்கூடம் போல வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொன்றின் முன்னும் ஆணோ பெண்ணோ உட்கார்ந்து, பிறை போன்ற கத்தியால் இலையை நறுக்கிச் சுற்றுகிறார்கள். கூடத்தின் முன்னால் உயர்ந்த மேடையில் ஒருவர் உட்கார்ந்து உரக்கப் பத்திரிகை படிக்கிறார். அது முடிந்தால் நாவல். 1865-ல் எல் பீகரோ என்ற தொழிற்சாலையில் தொடங்கிய வழக்கம் இது. படிப்பவருக்குத் தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். எழுத்தறியாதவர்கள் இப்படிக் கேட்டுக் கேட்டே உலக விஷயம் அறிந்தார்கள். அடிமை நாட்டில் ஜனங்கள் அறிவு பெற்றால் ஆள்பவர்களுக்குப் பொறுக்குமா? அடுத்த வருஷமே, 1866-ல், ஸ்பானிய கவர்னர் இதைத் தடுத்து உத்தரவு போட்டார். உத்தரவு போய்விட்டது; வழக்கம் நிலைத்துவிட்டது. 1935-ல் பிறந்த மாண்டிகிரிஸ்டோ என்ற புகழ்பெற்ற சுருட்டு, தொழிலாளிகள் விரும்பிக் கேட்ட டூமாஸின் நாவலிலிருந்தே பெயர் பெற்றது என்பார்கள்.

தேசத்தின் விடுதலையும் இந்தப் பலகைகளைச் சுற்றியே வளர்ந்தது. கவியும் தேசபக்தருமான ஹொசே மார்த்தி நாடு கடத்தப்பட்டு அமெரிக்காவில் இருந்தபோது, டாம்பா, கீ வெஸ்ட் நகரங்களில் சுருட்டுச் சுற்றிப் பிழைத்த கியூபர்கள் தங்கள் கூலியிலிருந்து அவருக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். 1895-ல் புரட்சி தொடங்கவேண்டும் என்ற கட்டளையை டாம்பாவில் ஒரு சுருட்டுக்குள் வைத்துச் சுற்றிக் கியூபாவுக்கு அனுப்பினார்கள் என்பது அங்கே வழங்கும் வரலாறு. பிப்ரவரி 24-ந் தேதி புரட்சி எழுந்தது. மே 19-ந் தேதி மார்த்தி போர்க்களத்தில் மாண்டார். அதே வருஷம் நவம்பரில், ஸ்பானியப் பட்டாளத்தோடு சேர்ந்து அந்தப் போரை வேடிக்கை பார்க்க ஓர் ஆங்கில வாலிபர் வந்திறங்கினார். அவர் பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். 1931-ல் மகாத்மாவை அரை நிர்வாணப் பக்கிரி என்று ஏளனம் செய்த அதே மனிதர்! ஹவானாவில் பிடித்த சுருட்டைக் கடைசிவரை அவர் விடவில்லை. விடுதலைக் கட்டளை வந்ததும் சுருட்டில். விடுதலைக்குக் குறுக்கே நின்றவர் வாயிலும் சுருட்டு. இலைக்குப் பேதம் தெரியாது.

கியூபர்கள் தங்கள் இலையின் பெயரைக் காப்பாற்றியதையும் சொல்லவேண்டும். 1912 முதல் ஒவ்வொரு பெட்டியிலும் சர்க்கார் உத்தரவாதமாகப் பச்சை முத்திரைச் சீட்டு ஒட்டப்படுகிறது. 1960-ல் தொழிற்சாலைகள் தேசவுடைமையாயின. முதலாளிகள் பலர் வெளியேறி வேறு நாடுகளில் தொழில் நடத்தினார்கள். 1962-ல் அமெரிக்கா கியூபாவுடன் வர்த்தகத்தை அடியோடு நிறுத்தியது. அந்த உத்தரவில் கையெழுத்திடுவதற்கு முன், ஜனாதிபதி கென்னடி தமக்காக 1,200 கியூபச் சுருட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டாராம்! அவருடைய காரியதரிசியாக இருந்த ஸாலிஞ்ஜரே பிற்காலத்தில் இதை எழுதினார். விரோதியும் பதுக்கி வைத்துக்கொள்ளும்படியான சரக்கைச் செய்தவர்கள் அவர்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் மாலை மாடிக்குப் போனோம். அதே நாலு பேர். பெரியவர் பெட்டியைத் திறந்தார். அந்தப் பெட்டிக்குள் காற்றின் ஈரம் 65-க்கும் 70-க்கும் இடையிலான சதவிகிதத்திலேயே எப்போதும் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார். குறைந்தால் இலையின் எண்ணெய் வற்றிவிடும். மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். உஷ்ணம் ஏறினால் வண்டு பொரிக்கும். உறையூர்ச் சுருட்டை எடுத்து அழுத்திப் பார்த்தார். இப்போது சத்தம் வரவில்லை. பற்றவைத்து, புகையை உள்ளே இழுக்காமல் வாயில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நண்பரிடம் கொடுத்தார். அது கைமாறி வட்டம் வந்தது.

ஸ்பானியர், காரம் போதாது, ருசி போய்விட்டது என்றார். ஆங்கிலேயர், தொண்டையில் கரகரப்பே இல்லை, முதுமையின் குணம் தெரிகிறது என்றார். பிரேஸில்காரர், முடிவில் மிளகு போல ஏதோ எட்டிப் பார்க்கிறது என்றார். மூன்று பேருக்கும் வாதம் மூண்டது. பெரியவர் மட்டும் சாம்பலைத் தட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் உதிராமல், வளையாமல், ஓர் அங்குலத்துக்கு மேல் நின்றது.

"சுற்றியவர் கை நல்ல கை. எங்கும் இறுக்கமில்லை, எங்கும் தொய்வுமில்லை. இலையும் நல்ல இலை. வைத்திருந்த விதந்தான் போதவில்லை" என்றார் பெரியவர்.

நண்பர் தலை குனிந்தார். "தகர டப்பாவில் வைத்தேன். எனக்குத் தெரியவில்லை, ஐயா" என்று தமிழிலேயே சொன்னார். மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை. பெரியவர் மிஞ்சிய ஒரு சுருட்டைத் தேவதாருச் சீவலில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

கப்பல் போன்ற அந்தப் பழைய ஊரின் விளக்குகளைப் பார்த்தபடி திரும்பி நடக்கையில், பெரியவரின் வார்த்தை என் மனத்தை விட்டு அகலவில்லை. உலகத்துக்குச் சுருட்டு என்ற சொல்லைக் கொடுத்தோம். 1948-லேயே வேடசந்தூரில் சுருட்டுப் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமும் கண்டோம். திருச்சிராப்பள்ளியின் பெயரோ இன்று கதைப் புத்தகத்துச் சாம்பலில் மிஞ்சியிருக்கிறது. புகை ஒழிவதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் தரும் பொருள் அது. ஆனால் நெசவிலும், வார்ப்பிலும், பாய் முடைவதிலும் நல்ல கைகளையும் நல்ல பொருளையும் பெற்றிருந்தும், வைத்துக் காக்கும் வகை அறியாமல் எத்தனை தகர டப்பாக்களில் போட்டு மூடியிருக்கிறோம்!

ஊர் திரும்பியதும் நண்பர் முதற்காரியமாகத் தச்சரிடம் ஒரு மரப்பெட்டிக்குச் சொல்லியிருக்கிறார். ஆறு சுருட்டுகள் வைக்கும் அளவு. பிடிப்பதற்கு அல்ல என்று என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார்.