எகிப்தியப் பாலையின் கொம்பு விரியன்

எகிப்து நாட்டுப் பழங்கோயிற் சுவர்களிலே, தலையிற் கொம்புடைய பாம்பொன்றின் உருவத்தைப் பலவிடங்களிற் காணலாம். அஃது அந்நாட்டார் கையாண்ட சித்திர எழுத்துக்களுள் ஒன்று. அதற்கு மூலமாகிய கொம்பு விரியன் இன்றும் அந்நாட்டுப் பாலை மணலில் வாழ்கின்றது.

இதன் நீளம் பெரும்பாலும் 1 முதல் 2 அடி வரையே. நிறமோ மணலின் நிறம். பகலில் உடலை அசைத்து அசைத்து மணலுட் புதைந்து, கண்ணும் கொம்பும் மட்டும் வெளித்தோன்றக் கிடக்கும். இரவில் உடலைப் பக்கவாட்டில் வீசி ஊர்வதால், சரியும் மணலிலும் சறுக்காது செல்லும். எலியும் பல்லியும் இதன் இரை.

பகையைக் கண்டால், உடலை வளைத்து, வாட்பற்கள் போன்ற செதில்களை ஒன்றோடொன்று உராய்ந்து கரகரவென ஒலி எழுப்பும். சீறினால் மூச்சோடு உடலின் ஈரமும் வீணாகும். இவ்வொலியால் அவ்விழப்பில்லை என்பர் அறிஞர்.

மறைந்து கிடக்கும் இவ்வியல்பே வழிச்செல்வோர்க்கு ஆபத்தாகின்றது. மிதித்தவரைக் கடிக்கும், கடிவாய் வீங்கும், குருதி உறையுந் தன்மை கெடும். இறப்பு அரிதே, எனினும் அசட்டை கூடாது. கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கு பயப்பன. உறுப்பை அசையாது வைத்து வைத்தியசாலைக்கு விரைதலே முறை.

பாலையில் இரவிற் செல்வோர் விளக்கையும் பாதணியையும் மறத்தலாகாது. அக்கரகரப்பு செவியில் விழுந்தால், நின்று, ஒலி வரும் திசையறிந்து, மெல்லப் பின்வாங்குக.