நடந்து பார்த்த நார்வே

பிரயாணம் செய்கிறவர்களில் இரண்டு வகையுண்டு. எத்தனை ஊர் பார்த்தோம் என்று விரல்விட்டு எண்ணுகிறவர்கள் ஒரு வகை; பார்த்த ஊர் மனத்தில் நின்றதா என்று கேட்டுக்கொள்கிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையைச் சேர்ந்த அடியேன், நார்வே தேசத்தில் இரண்டாவது வகைக்கு மாறிய விதத்தைச் சொல்கிறேன்.

அத்தேசத்தின் மேற்குக் கரையில், 'பியோர்டு' என்னும் கடற்கிளைகள் மலைகளுக்கிடையே வெகுதூரம் நுழைந்து செல்கின்றன. ஆதியில் பனியாறுகள் பாறையைக் குடைந்து பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பனி உருகிப் பின்வாங்கியதும் அப்பள்ளங்களில் சமுத்திரம் புகுந்துகொண்டது. இவற்றுள் மிகப் பெரியதாகிய ஸோக்னே பியோர்டின் நீளம் 200 கிலோ மீட்டருக்கு மேல். ஆழமோ 1,300 மீட்டரையும் தாண்டும்.

ஆறு நாளில் ஏழு கிராமங்கள் என்று நான் திட்டம் எழுதியிருந்தேன். என் மனைவி அதை வாங்கிப் பார்த்தாள். "பரீட்சை அட்டவணை மாதிரி இருக்கிறதே! என் முழங்கால் வலிக்கு இதில் எந்த நாளை ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்றாள். உபாத்தியாயருக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு ஒவ்வோர் ஊரைக் குறித்தும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொண்டோம். படகுத்துறையிலிருந்து ஜாகைக்கு நடந்து போகலாமா? கரையோரம் உலாவச் சமமான பாதை உண்டா? கப்பலில் வந்த கூட்டம் திரும்பியபின் ஊர் தன் இயல்போடு இருக்குமா? மலைமேல் ஏறும் 20 கிலோ மீட்டர் ரயில் பாதைக்குப் பெயர்போன ஃபிளாம், மூன்றாவது கேள்வியில் தவறிற்று. 1988 வரை சாலையே இல்லாதிருந்த உன்ட்ரெடாலை அடிக்கும்போது மட்டும் கை தயங்கியது. சுமார் 40 பேர் அமரும் சின்னஞ்சிறு ஆலயமும், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் உள்ள ஊர் அது. கடைசியில் எஞ்சியவை பாலெஸ்ட்ராண்டும் ஸோல்வோர்னும்.

பாலெஸ்ட்ராண்டில் படகிலிருந்து இறங்கியதும் ஊர் தொடங்கிவிடுகிறது. கூரை முனையில் டிராகன் தலைகள் செதுக்கிய மரவீடுகளையும், 1897-ல் கட்டிய ஆங்கில ஆலயத்தையும் பார்த்துக்கொண்டே நீரோரமாக நடக்கலாம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் அவசரமென்பதே இல்லை.

ஸோல்வோர்னிலிருந்து படகேறி எதிர்க்கரைக்குப் போனால் ஊர்னெஸ் ஆலயம். முற்றிலும் மரத்தால் ஆன அக்கோயில் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. துறையிலிருந்து அங்கே செல்லும் பாதை ஏற்றமானது. என் மனைவி நாலடிக்கு ஒரு தரம் நின்றாள். பழைய திட்டப்படி வந்திருந்தால், கடிகாரத்தைப் பார்த்து அவளைக் கடிந்திருப்பேன். இப்போது அவள் நின்றபோதெல்லாம் நானும் நின்று திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பியோர்டு சற்றே விரிந்தது. எதிர்க்கரையில் எங்கள் ஜாகை சிறுத்துக்கொண்டே போயிற்று.

ஆலயத்தின் வடக்குச் சுவரில், மெலிந்த விலங்குகள் ஒன்றையொன்று பின்னிப் பிணையும் சிற்பம் இருக்கிறது, ஆலயத்தினும் பழமையானது. அதன் வளைவுகளை அவள் கண்ணால் தொடர்ந்துகொண்டிருக்கையில் கீழே படகு புறப்பட்டுப் போய்விட்டது.

"போகட்டும், அடுத்தது வரும்" என்றேன். இருபது வருஷ தாம்பத்தியத்தில் என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டது அதுவே முதல் தடவையாம்.

பியோர்டு தேசத்துக்குப் போகும் நேயர்களே! ஊர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், உடன் வருகிறவரின் நடைக்கு ஏற்ற ஊரைத் தேர்ந்தெடுங்கள்.