கதவு இருந்த பக்கம்

2018ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், சாஸ்கடூனில் வசிக்கும் தம்பியின் வீட்டுக்கு முதன்முறையாகச் சென்றிருந்தபோது, அக்காவும் தம்பியுமாகக் கேமராவை எடுத்துக்கொண்டு சஸ்காச்சுவான் மாநிலத்தின் சரளைச் சாலைகளில் அலைந்தோம். கனடாவின் பிரெய்ரி சமவெளியில் உயர்ந்து நிற்பவை இரண்டே. ஒன்று, இருப்புப்பாதையோரத்து மரத் தானியக் கோபுரம். அங்குள்ளோர் எலிவேட்டர் என்பர். மற்றொன்று, உக்ரைனியக் குடியேறிகள் கட்டிய தேவாலயத்தின் வெங்காய வடிவக் குவிமாடம்.

இவற்றின் வரலாறு நெடியதன்று. 1872ஆம் ஆண்டின் நிலச்சட்டம், பத்து டாலர் கட்டணத்தில் 160 ஏக்கர் வழங்கியது. கிரீ முதலிய பூர்வகுடிகள் வாழ்ந்த மண் அது. 1891 முதல் உக்ரைனியர் வரத் தொடங்கினர். குதிரை வண்டியில் கோதுமை கொண்டுசெல்பவர் அன்றே வீடு திரும்பவேண்டும் என்பதால், ரயில் பாதை நெடுகிலும் சிறு சிறு இடைவெளியில் கோபுரங்கள் எழுந்தன. 1930களில் அவை ஐயாயிரத்துக்கும் மேல். பின்னர் லாரிகள் வந்தன, கிளைப்பாதைகள் மூடப்பட்டன, பெரிய கான்கிரீட் கிடங்குகள் தோன்றின. இன்று எஞ்சியவை சில நூறு. மானிட்டோபாவின் இங்லிஸ் ஊரில் வரிசையாக நிற்கும் ஐந்து கோபுரங்களைத் தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கிறார்கள். 1885 கிளர்ச்சியின் குண்டுத் தழும்புகளைத் தாங்கிய பட்டோஷ் பாதிரியார் இல்லத்துக்கும் அப்பேறு வாய்த்தது. பெயரறியாச் சிற்றூர்களின் கட்டடங்களுக்கு அது இல்லை.

அத்தகைய ஊரொன்றில், வெயில் சாயும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்து ஒரு கோபுரத்தைப் படமெடுத்தோம். உதிர்ந்த வண்ணம், மங்கிய ஊர்ப்பெயர், பின்னே எல்லையற்ற வானம். பார்த்த நண்பர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நாங்களும் மகிழ்ந்தோம்.

2023இல் மீண்டும் சென்றபோது அங்கே புல்தான் இருந்தது.

ஊர்க் காப்பிக் கடையில், முதிய விவசாயி ஒருவரிடம் எங்கள் படங்களைக் காட்டினோம். ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். "அழகாக இருக்கின்றன" என்றார். பிறகு, "கதவு இருந்த பக்கத்தை எடுக்கவில்லையா?" என்று கேட்டார்.

எடுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வெளிச்சம் இல்லை. புதரும் மின்கம்பியும் மறைத்தன.

அக்கதவின் வழியாகத்தான் வண்டி உள்ளே போகுமாம். தரையிலேயே எடைமேடை. நிறுத்தபின் தானியத்தைக் குழியில் கொட்டுவார்கள். வார்ப்பட்டையில் கோத்த கிண்ணங்கள் அதை அள்ளி உச்சிக்குக் கொண்டுபோகும். சிறுவனாகத் தந்தையுடன் சென்றபோது அவர் கோதுமைக் குவியலின்மேல் உட்கார்ந்திருப்பாராம். "பையனை இறக்கு, அவனுக்கு விலை தரமாட்டேன்" என்று எடைபோடுபவர் கூவுவாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்; படங்களை மறுமுறை பார்த்தார். அவர் தேடியது அவற்றுள் இல்லை.

எங்களுக்கு நாணமாக இருந்தது. எங்கள் பாட்டனாரின் வீட்டை இடிக்குமுன் எடுத்த ஒரே படத்தில் திண்ணையும் தூண்களும் இருக்கின்றன. நாங்கள் ஒளிந்து விளையாடிய குதிர் இருந்த உள்ளறை இல்லை. அந்தக் குறையை அறிந்த நாங்களே, இன்னொருவர் ஊரின் குதிரை வெளியே நின்று வானத்தோடு சேர்த்துப் படமெடுத்துத் திரும்பியிருக்கிறோம். அழிவின் அழகு, அங்கே வாழாதவர் கண்ணுக்குத்தான் முதலில் தெரிகிறது போலும்.

மறுநாள் ஒரு தேவாலயத்துக்குப் போனோம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வழிபாடு நடக்கும் ஆலயம். சாவி வைத்திருந்த மூதாட்டி வந்து திறந்தார். நீலக் கூரையில் பொன் விண்மீன்கள். சுவரெங்கும் புனிதர் திருவுருவங்கள். கேமராவை எடுக்கவில்லை. "எதைப் படமெடுத்தால் உங்களுக்கு உதவும்?" என்று கேட்டோம்.

அவர் சற்று யோசித்தார். பிறகு இடப்பக்கம் நடந்துபோய், சன்னலருகே தரைப்பலகையைக் காட்டினார். அங்கே ஆண்கள் வலப்புறமும் பெண்கள் இடப்புறமும் நிற்பது பழைய வழக்கம். அவருடைய தாயார் ஞாயிறுதோறும் நின்ற இடம் அது.

வெறும் தரைப்பலகையை எடுத்தோம். அந்தப் படத்தை நண்பர்கள் எவரும் பாராட்டியதில்லை. ஒரு பிரதியை அவருக்கு அனுப்பிவைத்தோம்.