நான்கு நிறத்தில் ஒரு நீர்த்துளி

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், 1793-இல் அது திறந்த காலத்திலிருந்தே, நகல் எடுக்கும் ஓவியர்களுக்கு இடம் உண்டு. இன்றும் அனுமதி பெற்று, காலை வேளையில், கூட்டத்துக்கு நடுவே நின்று வரைகிறார்கள். விதிகள் கறாரானவை. நகல் அசலின் அளவிலேயே இருக்கக் கூடாது. மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. கள்ளப்படமாகச் சந்தைக்குப் போய்விடுமே என்ற கவலை.

சிவப்புச் சுவர்கள் கொண்ட மோலியன் கூடத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஓவியர் டெலக்ரூவாவின் ‘தாந்தேயின் படகு’ முன் நின்றிருந்தார். 1822-இல் டெலக்ரூவாவுக்குப் பேர் வாங்கித் தந்த படம். மோனா லிசாவுக்கு வழி கேட்கிறவர்களுக்குத் தூரிகையாலேயே திசை காட்டிவிட்டு மறுபடி வேலையில் இறங்கினார். முழுப் படத்தையும் அவர் எடுக்கவில்லை. படகைப் பற்றிக்கொண்டு தத்தளிக்கும் பாவிகளில் ஒருவனின் உடம்பு மட்டும்.

கித்தானில் முதலில் பழுப்பு நிறத்தில் நிழல்களை மட்டும் போட்டு, காயவிட்டு வைத்திருந்தார். டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு அடியில். ஆளிவிதை எண்ணெய் கூடுதலாகச் சேர்ந்த பூச்சு மேலே. இதை மாற்றிச் செய்தால் முந்திக் காய வேண்டிய அடிப்பூச்சு பிந்திக் காயும், மேற்பரப்பு வெடித்துவிடும். டெலக்ரூவா போன்ற ரொமான்டிக் ஓவியர்கள் என்றாலே ஆவேசமாக அள்ளி வீசியவர்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்று பார்த்தால், எந்த நிறம் எதற்குப் பின் வர வேண்டும் என்ற கணக்கு முன்கூட்டியே போடப்பட்டிருப்பது தெரிகிறது. ஆவேசம் பார்க்கிறவருக்கு, வரைந்தவருக்குக் காத்திருப்புதான்.

“துளியைப் பாருங்கள்,” என்றார். அந்த உடம்பின் மேல் வழியும் நீர்த்துளிகளில் வெள்ளை, மஞ்சள், பச்சை, சிவப்பு ஆகிய நான்கும் குழைக்கப்படாமல் பக்கம் பக்கமாக நிற்கின்றன. இரண்டு அடி பின்னால் வந்தால் அது தண்ணீர். ஓவியர் ரூபென்ஸின் கடல்கன்னிகளைப் பார்த்து டெலக்ரூவா பழகிய வித்தை இது. ஆக, மூலமே ஒருவகையில் நகலெடுத்துக் கற்றதுதான். ஆசிரியை தன் நகலில் துளிகளை முதலில் வெறும் வெள்ளையில் வைத்தாராம். தோலில் ஒட்டிய அரிசி மாதிரி இருந்ததாம். சுரண்டிவிட்டார்.

அதே கூடத்தில் ஓவியர் ஜெரிகோவின் ‘மெடூசாவின் தெப்பம்’. ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம், ஏழு மீட்டருக்கும் மேல் அகலம். 1819-இல் காட்சிக்கு வந்த அந்தப் படத்தின் நிழல்களில் தார் போன்ற பிட்டுமென் கலந்திருக்கிறது. பூசும்போது வெல்வெட் மாதிரி பளபளக்கும். ஆனால் முழுதாகக் காயவே காயாது, கறுத்துச் சுருங்கும். படம் கெட்டுக்கொண்டே போனதால் 1859-60-இல் முழு அளவில் ஒரு நகல் எடுக்கப்பட்டது. அது இப்போது ஆமியான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகல்தானே என்று உதடு பிதுக்குகிறவர்களை ஒருமுறை அங்கே அனுப்ப வேண்டும்.

‘தாந்தேயின் படகை’ ஓவியர் மானேவும் இளவயதில் இரண்டு தடவை நகலெடுத்தார். ஒன்று மூலத்தை ஒட்டியது, மற்றது கைபோன போக்கில் போட்டது. நீங்கள் எடுப்பது எந்த வகை என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

“ஒட்டியதுதான்,” என்று சிரித்தார். “அதிலேயே இந்தக் கழுத்து இன்னும் வரவில்லை.”